வீடு தெக்க சாயுது, மண்ணுக்குள்ள ஊசி போட்டு நிமித்திரலாம்னு சொல்றாங்க, நம்பலாமா?

கரிசக்காட்டான்

எல்லாருக்கும் வணக்கம். திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி போற பக்கம் வீடு எனக்கு. 3 சென்ட் இடம், கிழக்கு பாத்த வாசல், தெக்கு வடக்கா 20 அடி, கிழமேக்கா 38 அடி. 2014ல கீழ் வீடு மட்டும் கட்டுனோம், 2019ல மாடி எடுத்தோம். பில்லர் பீம் போட்ட வீடுதான், ஏனோதானோன்னு கட்டுனது இல்ல.

முதல்ல கண்டுபிடிச்சது வீட்டுக்காரம்மாதான். தோசைக்கல்லுல எண்ணெய் விட்டா பூராம் தெக்க ஓடிப்போய் நிக்குதுங்கன்னு ஒரு வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தா, நான் அடுப்பு கோணலா இருக்கும்னு புது அடுப்பே வாங்கிக் குடுத்தேன், அதுலயும் தெக்கதான் ஓடுச்சு. அப்பறம் பாத்ரூம்ல தண்ணி டிரெயின் பக்கம் போகாம மூலைல நிக்க ஆரம்பிச்சுது. போன மாசம் மொட்டைமாடி கைப்பிடிச் சுவர்ல இருந்து தூக்குக்குண்டு விட்டுப் பாத்தோம், 22 அடி உயரத்துக்கு 2 இன்ச் 2 நூல் (8 நூல் ஒரு இன்ச்) தெக்க சாஞ்சிருக்கு. கீழ ஹால்ல டியூப் லெவல் (தண்ணி ஊத்துன குழாய்ல மட்டம் பாக்குறது) புடிச்சா வடக்குச் சுவருக்கும் தெக்குச் சுவருக்கும் 2 இன்ச் 6 நூல் வித்தியாசம். ஆனா பெரிய விரிசல் எதுவும் இல்ல, மாடிப்படி ஹெட்ரூம் மூலைல மட்டும் மயிரிழை மாதிரி ஒண்ணு ஓடுது.

கரிசல் மண்ணு. தெக்க காலி பிளாட். செப்டிக் டேங்க் தென்மேற்கு மூலைல இருக்கு.

மூணு பேர் வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. ஒரு கம்பெனி ஏதோ கெமிக்கல் ரெசின், விரல் தண்டி ஓட்டை போட்டு உள்ள அடிச்சா நுரை மாதிரி பொங்கி அஸ்திவாரத்தைத் தூக்கிரும், ஒரே நாள்ல வேலை முடியும், 9 லட்சம்ங்கிறாங்க. இன்னொரு குரூப் ஜாக்கி வச்சு தூக்குறவங்க, 6 லட்சம், 10 வருஷம் கேரண்டி எழுதித் தர்றாங்களாம். மூணாவது நம்ம ஊர் ஆளு, சிமெண்ட் பாலை பிரஷர்ல ஏத்துனா போதும்ணே ஒண்ணரை லட்சத்துல முடிச்சிரலாம்ங்கிறாரு. எது சரி? லோன் இன்னும் ஏழு வருஷம் இருக்கு, தயவுசெஞ்சு தெரிஞ்சவங்க மட்டும் சொல்லுங்க.

சும்மா_வந்தேன்

பேசாம கேட்ல உக்காந்து டிக்கெட் போடுங்கண்ணே, இத்தாலில பைசா கோபுரத்துக்கு சனம் குவியுதுல்ல 😀

துளைக்கருவி

சிரிப்புக்கு சொன்னாலும் அந்தக் கோபுரத்துலதான் இவருக்கு வேண்டிய பாடமே இருக்கு தம்பி, வரேன் அதுக்கு.

அண்ணே, நான் 14 வருஷமா மண்ணு டெஸ்ட், பைலிங், கிரவுட்டிங் இதுலதான் இருக்கேன். உங்க கேள்விக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி நீங்க குடுத்த கணக்குல ஒண்ணு இடிக்குது. 22 அடின்னா 264 இன்ச், அதுல 2¼ இன்ச்சுன்னா 117க்கு 1 சாய்வு. வீடு மொத்தமா ஒரே கட்டையா சாஞ்சிருந்தா 20 அடி அகலத்துக்கு தரை மட்டம் 2 இன்ச்சுதான் இறங்கியிருக்கணும். நீங்க 2¾ன்னு சொல்றீங்க. அளவு தப்பா இருக்கணும், இல்லேன்னா கீழ் வீடும் மாடியும் ஒரே அளவு சாயல. தூக்குக்குண்டை கீழ் வீட்டுக்கு தனியா, மாடிக்கு தனியா விட்டு பாத்து சொல்லுங்க. மாடி டைல்ஸ்லயும் டியூப் லெவல் பிடிங்க. இதுக்கு பத்து பைசா செலவு கிடையாது.

விரிசல் இல்லாதது நல்ல சேதி. 1963லயே ப்யெர்ரம்னு ஒரு நார்வே மண்ணு இன்ஜினியர் போட்டு வச்ச அளவைத்தான் இன்னைக்கும் சொல்லுவோம், பக்கத்து பக்கத்து பில்லர்ல ஒண்ணு இறங்கி ஒண்ணு நின்னு போச்சுன்னா, இடைவெளில 300ல 1 வந்தா சுவர்ல விரிசல் ஆரம்பிக்கும், 150ல 1 வந்தா பில்லர் பீமுக்கே கேடு. ஆனா வீடு முழுசா ஒரு பெட்டி மாதிரி சாயுறது வேற கணக்கு. உங்க பிளிந்த் பீம், அதான் தரைமட்டத்துல ஓடுற பீம், எல்லா பில்லரையும் இறுக்கிப் புடிச்சிருக்கு, அதான் பெட்டியோட சாயுது. ரெண்டு மாடி வீடு இந்த சாய்வுக்கு கவுந்து விழாது, பயப்படாதீங்க. பயப்பட வேண்டியது இன்னும் நகருதாங்கிறதுக்குத்தான். நீங்க எழுதுனதுல அந்த மூணு பேர்ல ஒருத்தராவது அதைக் கேட்ட மாதிரி தெரியல.

இப்ப ஊசி மேட்டர். மண்ணுக்குள்ள அடிக்கிறதுல பல தினுசு இருக்கு, எல்லாத்தையும் கிரவுட்டிங்னு ஒரே பேர்ல சொல்லி ஏமாத்துறாங்க. உங்க ஊர்க்காரர் சொல்ற சிமெண்ட் பால் மணல், சரளை மாதிரி இடைவெளி உள்ள மண்ணுல ஊறிப் போகும். கரிசல்ல ஊறவே ஊறாது, களிமண்ணோட சந்துக்கு சிமெண்ட் துகளே பெருசு. அப்ப பிரஷர் கூட்டுவாங்க, மண்ணு கிழியும், கிழிஞ்ச வழில பால் எங்க போகணும்னு அதுவே முடிவு பண்ணும், உங்க அஸ்திவாரத்துக்கு கீழதான் நிக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லல.

இன்னொண்ணு கம்பாக்‌ஷன் கிரவுட்டிங், 1950கள்ல அமெரிக்காவுல கலிஃபோர்னியா பக்கம் வளந்தது. பால் பதம் கிடையாது, கொழுக்கட்டை மாவு பதத்துல கெட்டியா கலவை, குழாய் நுனில பந்து மாதிரி உருண்டு சுத்தி இருக்கிற மண்ணை நெருக்கித் தள்ளும், மேல இருக்கிற ஃபுட்டிங்கையும் (பில்லருக்கு அடில இருக்கிற அஸ்திவாரம்) தூக்கும். லூஸா கொட்டுன கிராவல், மணலுக்கு அருமையான முறை. தண்ணி குடிச்ச களிமண்ணுல மண்ணு நெருங்காது, உள்ள இருக்கிற தண்ணியோட அழுத்தம்தான் ஏறும், வீடு தூக்கும், எல்லாரும் கைதட்டுவாங்க, அப்பறம் தண்ணி மெதுவா கசிஞ்சு போக போக கொஞ்சம் கொஞ்சமா திரும்ப உக்காரும். பில் கட்டுன பெறகுதான் உக்காரும்.

ரெசின் ஏமாத்து வேலை இல்ல, நிஜமான டெக்னிக். ரெண்டு கெமிக்கல் ஒண்ணா கலந்தவுடனே பொங்கும், சில நிமிஷத்துல இறுகிரும், லேசர் லெவல் வச்சு மில்லிமீட்டர் கணக்குல தூக்கலாம். எடை கம்மிங்கிறதால மண்ணுக்கு புது பாரம் இல்ல. ஃபுட்டிங்குக்கு கீழ வெற்றிடம் விழுந்திருந்தா, ஃபேக்டரி தளம் அமுங்கியிருந்தா நான் கண்ண மூடிட்டு சொல்லுவேன். ஆனா கரிசல்ல ரெண்டு சிக்கல். ஒண்ணு, அடியில சேறு இருந்தா ரெசின் மேல வீடு, சேத்து மேல ரெசின், ரெண்டும் சேந்து இறங்கும். ரெண்டாவது, சித்திரைல காஞ்சு சுருங்கின மண்ணுல தூக்கி வச்சா ஐப்பசி மழைல அதே மண்ணு உப்பி இன்னும் தூக்கும், வீடு வடக்க சாய ஆரம்பிச்சிரும்.

ஆனையூர்_அக்கா

துளைக்கருவி தம்பி சொன்ன "பால் எங்க போகணும்னு அதுவே முடிவு பண்ணும்" அதுக்கு சாட்சி நான்தான்பா.

எங்களது ஆனையூர் பக்கம், கண்மாயை ஒட்டி மண்ணடிச்ச இடம். வாங்கும்போது புரோக்கர் மேட்டு நிலம்மான்னு சொன்னாரு, மேடுதான், லாரி லாரியா கொட்டுன மேடு. பின்பக்கம் இறங்க ஆரம்பிச்சதும் எங்க வீட்டுக்காரர் யாரோ சொன்னாங்கன்னு சிமெண்ட் கிரவுட் போடுற ஆளுங்களைக் கூட்டிட்டு வந்துட்டாரு. காலைல ஏழு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பிச்சுது, பதினஞ்சு மூட்டை போகும்னு சொன்னாய்ங்க. மதியம் சாப்பாட்டுக்குள்ள முப்பது மூட்டை போயிருச்சு, வீடு ஒரு நூல் கூட அசையல, அந்த மேஸ்திரி என்னடான்னா "நல்லா குடிக்குதுக்கா, மண்ணு நல்லா குடிக்குது"ன்னு சந்தோஷமா சொல்றான். மூணு மணிக்கு பின்வீட்டு அக்கா கத்திக்கிட்டே ஓடி வருது, அவங்க பாத்ரூம் ஜாலில இருந்து சாம்பல் கலர்ல கொழகொழன்னு பொங்கி வருது. அவங்க செப்டிக் டேங்க் பைப்பு பூராம் எங்க சிமெண்ட்டு. ராத்திரியோட ராத்திரியா இறுகிப் போச்சு.

அவங்களுக்கு புதுசா லைன் போட்டுக் குடுத்தது தனிச் செலவு, ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாம போனது அதைவிட. அந்த ஆளுங்க மீதி மெஷின் வாடகையும் வாங்கிட்டுத்தான் போனாய்ங்க. இதுல கொடுமை என்னன்னா அடுத்த கோடைக்கு எங்க வீடு இன்னும் அரை இன்ச் இறங்குச்சு.

அதனால கரிசக்காட்டான் தம்பி, ஒண்ணரை லட்சம் சீப்பா இருக்கேன்னு அதுல மட்டும் இறங்கிராதீங்க.

சும்மா_வந்தேன்

அக்கா முப்பது மூட்டை 😳 சரி பைசா கோபுர பாடம் என்னான்னு சொல்லுங்கண்ணே, நான்தான ஆரம்பிச்சு வச்சேன்

துளைக்கருவி

அக்கா கதைதான் அந்தக் கோபுரத்துக்கும் நடந்துச்சு. 1934ல, முசோலினி காலம், கோபுரம் சாயுறது நாட்டுக்கே அவமானம்னு அடில முன்னூறுக்கு மேல ஓட்டை போட்டு டன் கணக்குல சிமெண்ட் பால் ஏத்துனாங்க. சாய்வு குறையல, கூடுச்சு. நோண்டுனதே போதும் அந்த மண்ணுக்கு.

1990 ஜனவரில மக்களை உள்ள விடாம மூடிட்டாங்க. வடக்குப் பக்கம், அதாவது சாயாத பக்கம், ஈயக் கட்டிகளை நூத்துக்கணக்கான டன் அடுக்கி பாரம் வச்சாங்க. 1995ல ஈயத்தை எடுத்துட்டு நங்கூரம் போடலாம்னு தரையை திரவ நைட்ரஜன் விட்டு உறைய வச்சாங்க, அதுல ஒரே ராத்திரில கோபுரம் ஆடிப்போய் வேலையை நிப்பாட்டுனாங்க. கடைசில ஜெயிச்சது என்ன தெரியுமா? உள்ள எதையும் அடிக்கல. சாயாத பக்கம் அடில இருந்து சரிவா குழாய் விட்டு கொஞ்சம் கொஞ்சமா மண்ணை உருவி எடுத்தாங்க, உருவின இடம் மெதுவா மூட மூட கோபுரம் அந்தப் பக்கம் உக்காந்து நிமிந்துச்சு. லண்டன் இம்பீரியல் காலேஜ் ஜான் பர்லண்ட் அந்தக் கமிட்டில முக்கியமான ஆளு. தினம் அளக்கிறது, உருவுறது, திரும்ப அளக்கிறது. உச்சி 40 செமீக்கு மேல திரும்புச்சு, கோணக் கணக்குல அரை டிகிரிதான், 2001 டிசம்பர்ல திறந்துட்டாங்க. முழுசா நிமித்தல, நிமித்தணும்னு யாரும் நினைக்கவும் இல்ல.

இதே முறைய மெக்சிகோ சிட்டி பெரிய தேவாலயத்துலயும் பண்ணாங்க, அங்க ஒரு பக்கம் மட்டும் இறங்கி போச்சு, மத்த பக்கத்தையும் இறக்கி சமன் பண்ணாங்க.

உடனே உங்க வடக்குப் பக்கம் கடப்பாரைய எடுத்துட்டுப் போயிராதீங்கண்ணே 🙏 அது வீட்டு லெவல்ல செய்ற வேலை இல்ல. நான் சொல்ல வந்தது, பள்ளமான பக்கம் எதையாவது அடைக்கணும்ங்கிறது நம்ம கைக்கு தானா வர்ற யோசனை, மண்ணுக்கு அது மருந்தா இருக்கணும்னு இல்ல.

கரிசக்காட்டான்

அண்ணே நீங்க சொன்ன மாதிரி தனித்தனியா பாத்தேன். கீழ் வீடு 11 அடிக்கு 1 இன்ச் 4 நூல். மாடி 11 அடிக்கு வெறும் 6 நூல். மாடி டைல்ஸ்ல டியூப் லெவல் 1 இன்ச் 3 நூல்தான் காட்டுது. மூணு தடவை பாத்துட்டேன், பையனை விட்டும் பாக்கச் சொன்னேன். இதுக்கு என்ன அர்த்தம்?

துளைக்கருவி

இப்ப கணக்கு கச்சிதமா உக்காருது. கீழ் வீடு 88க்கு 1, அதுக்கு 20 அடிக்கு 2¾ இன்ச் வரணும், வந்திருக்கு. மாடி 176க்கு 1, அதுக்கு 1⅜, வந்திருக்கு.

அர்த்தம் என்னன்னா, 2019ல மாடி எடுக்கும்போதே உங்க கீழ் வீடு பாதி சாஞ்சிருச்சு. சாஞ்ச வீட்டு மேல மாடிய மட்டும் நேரா கட்டியிருக்காங்க. அதுக்கப்பறம் ரெண்டும் சேந்து இன்னொரு பாதி சாஞ்சிருக்கு. பைசா கோபுரமும் இப்படித்தான், 1173ல ஆரம்பிச்சு மூணு மாடிலயே சாய, நூறு வருஷம் போட்டுட்டு, திரும்ப வந்தவங்க மேல் மாடிகளை நேராக்கப் பாத்தாங்க, அதனால கோபுரம் வாழைப்பழம் மாதிரி லேசா வளைஞ்சிருக்கும். உங்களது குட்டி வாழைப்பழம்.

மாடி கட்டுன கொத்தனாருக்கு இது கண்டிப்பா தெரிஞ்சிருக்கும்.

ரசமட்டம்

தெரிஞ்சிருக்கும்தான். நான் கொத்தனார்தான், முப்பது வருஷம், அதனால சொல்றேன், வைய வேண்டாம்.

மாடி எடுக்கப் போனா முதல்ல தூக்குக்குண்டு போடுவோம், கீழ் வீடு கோணிக்கிட்டு நின்னா தெரிஞ்சு போகும். வீட்டுக்காரர் கிட்ட சொன்னா என்னாகும்? வேலை நின்னு போகும், முன்னாடி கட்டுன கொத்தனாரோட சண்டை வரும், சில நேரம் அந்த முன்னாடி கொத்தனார் நம்ம மச்சானா இருப்பாரு. அதனால செங்கல்லு வைக்கிறப்பவே நேராக்கி, தளத்துல தெக்க ஒண்ணே கால் ஒண்ணரை இன்ச் கலவை கூடப் போட்டு மட்டம் பண்ணி, மேல டைல்ஸ் ஒட்டிட்டுப் போயிருவாய்ங்க. நானும் ரெண்டு வீட்டுல பண்ணியிருக்கேன். அந்த கூடுதல் கலவை பாரமும் இறங்குற பக்கம்தான் போய் உக்காருதுன்னு இப்ப இதைப் படிக்கும்போதுதான் உறைக்குது.

தம்பி, வானம் தோண்டுனப்ப கூட நின்னீங்களா? வடக்கயும் தெக்கயும் ஒரே ஆழத்துல சுக்கான் வந்துச்சா? நம்ம பக்கம் கரிசலுக்கு கீழ சுக்காம்பாறை தட்டுற வரைக்கும் போனாத்தான் கடைக்கால் நிக்கும். பாதில கையெடுத்துட்டு மணல் கொட்டி ஜல்லி போட்டு ஏத்துற வேலை ஏகப்பட்ட இடத்துல நடக்குது.

கரிசக்காட்டான்

அண்ணே வைய மாட்டேன், உண்மைய சொன்னீங்களே. வடக்க அஞ்சு அடிலயே வெள்ளையா கட்டி கட்டியா வந்துச்சு, கடப்பாரை எகிறுச்சு, அது நல்லா ஞாபகம் இருக்கு. தெக்க ஆறு அடி தாண்டியும் கருப்பாத்தான் வந்துச்சு, ஈரமா வேற இருந்துச்சு. அன்னைக்கு எங்க மாமனார் இறந்த பதினாறாம் நாள், நான் ஊருக்குப் போயிட்டேன், திரும்பி வந்தப்ப மணல் போட்டு மூடி பி.சி.சி. (கம்பி இல்லாத அடி காங்கிரீட்) போட்டுட்டாங்க. பக்கத்துல ஒரு பெரியவர் இங்க முன்னாடி ஓடை போச்சுப்பான்னு சொன்னாரு, அப்ப காதுல வாங்கல.

லேசர்_லெவல்

துளைக்கருவிக்கு ஒரு கேள்வி. களிமண்ணுல ஊசி எடுபடாதுன்னு ஒரேடியா அடிச்சு சொல்றீங்க. லண்டன்ல பிக் பென் மணிக்கூண்டை காப்பாத்துனதே களிமண்ணுல கிரவுட் அடிச்சுதானே? 90கள்ல வெஸ்ட்மின்ஸ்டர்ல ஜூபிலி லைன் சுரங்க ரயில் ஸ்டேஷன் தோண்டுனப்ப. நான் மெட்ரோ வேலைல இருந்தவன், காம்பன்சேஷன் கிரவுட்டிங் எங்களுக்கு தினசரி பேச்சு.

துளைக்கருவி

நல்ல கேள்வி, நான் கொஞ்சம் வேகமா எழுதிட்டேன் ஒத்துக்கிறேன். நீங்க சொல்றது நிஜம், அதுலயும் பர்லண்ட் இருந்தாரு. ஆனா அங்க நடந்ததைப் பாருங்க. லண்டன் களிமண் நூத்துக்கணக்கான அடி மண்ணு பாரம் ஏறி இறங்கின கெட்டிக் களி, ஓடைச் சேறு கிடையாது. மணிக்கூண்டுக்கு அடில முன்கூட்டியே குழாய் விசிறி மாதிரி பரப்பி வச்சு, அதுல ரப்பர் உறை போட்ட வாய்கள் வரிசையா, எந்த வாய்ல எத்தனை லிட்டர்னு அளந்து, ஒரே நாள்ல இல்ல, சுரங்கம் தோண்டத் தோண்ட மாசக்கணக்குல திரும்பத் திரும்ப குடுத்தாங்க. சாய்வு நடக்க நடக்க ஈடு கட்டுறது அது. ஏற்கனவே நடந்து முடிஞ்சதை ஒரே நாள்ல நிமித்துற வேலை இல்ல. அந்த அளவு அளக்குறதுக்கே இவர் வீட்டு விலை வரும்.

அளந்துக்கிட்டே செஞ்சா களிமண்ணுலயும் முடியும், அளக்காம செஞ்சா மணல்லயும் மொத்துப்படும். இப்படி திருத்திக்கிறேன்.

சான் பிரான்சிஸ்கோல மில்லேனியம் டவர்னு 58 மாடி, 2009ல திறந்தது, சாய ஆரம்பிச்சு, அதோட ரெண்டு பக்கத்துல பாறை வரைக்கும் பைல் (மண்ணுக்குள்ள ஆழமா போற தூண்) இறக்குற வேலை ஆரம்பிச்சாங்க. 2021ல பைல் இறக்க இறக்கவே சாய்வு வேகமாயிருச்சு. நிப்பாட்டி, 52 பைல்னு போட்ட பிளானை 18ஆ குறைச்சு 2023ல முடிச்சாங்க. அளந்துக்கிட்டு இருந்ததாலதான் நிப்பாட்ட முடிஞ்சுது.

லேசர்_லெவல்

அப்ப சரி. ஜாக்கி பத்தி சொல்லலையே?

ரசமட்டம்

அதை நான் சொல்றேன், நேர்ல நின்னு பாத்துருக்கேன், மதுரைலயே ரோடு உசந்து வீடு பள்ளமான இடத்துல நாலஞ்சு வீடு தூக்குனதுல. சுவரை அடில கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு, இரும்பு சேனல் செருகி, அதுக்குக் கீழ ரெண்டு அடிக்கு ஒரு ஜாக்கி. விசில் அடிச்சா எல்லாரும் ஒரே நேரத்துல கால் சுத்து சுத்தணும், ஒருத்தன் அசந்தா சுவர் கிழியும். பழைய செங்கல் சுவர் வீட்டுக்கு நல்லா வருது. பில்லர் வீட்டுக்கு பில்லரையே அறுக்கணும், கம்பிய அறுத்து திரும்ப வெல்டு வைக்கணும், எனக்கு மனசு ஒப்பல. அது போக, தூக்கி வச்சாலும் உக்காருறது அதே பழைய ஃபுட்டிங் மேலதான், அதே ஓடைச் சேறு. 10 வருஷ கேரண்டிங்கிறது வீட்டுக்கா அந்த பேப்பருக்கான்னு கேளுங்க.

2025 ஜனவரில கொல்கத்தா பாகாஜதின்ல நாலு மாடி கட்டடம், நிமித்துறோம்னு தூக்குற வேலை நடக்குறப்பவே ஒரு பக்கமா சாஞ்சு போச்சு, டிவில பாத்துருப்பீங்க. உள்ள ஆள் இல்லாததால தப்பிச்சாங்க.

துளைக்கருவி

அண்ணன் சொன்னதுல எனக்கு ஒரு வார்த்தை மாத்தம் இல்ல.

கரிசக்காட்டான், நான் இப்ப உங்க எடத்துல இருந்தா என்ன செய்வேன்னா, இந்த மூணு பேருக்கும் அட்வான்ஸ் குடுக்க மாட்டேன். முதல்ல ஆகர் (மண்ணைத் துளைச்சு எடுக்கிற திருகு) வச்சு ரெண்டு பக்கமும் மண்ணு பாப்பேன், கைல சுத்துறதே போதும். தெக்கச் சுவரை ஒட்டி குழி மட்டும் தோண்டவே தோண்டாதீங்க, சாயுற பக்கம் அண்டைல தோண்டுறது வீட்டுக் காலை வாரி விடுற மாதிரி. மண்ணு மாதிரியை சிவில் டிபார்ட்மெண்ட் உள்ள இன்ஜினியரிங் காலேஜ்ல குடுத்து ஃப்ரீ ஸ்வெல், அதாவது தண்ணில மண்ணு எவ்வளவு உப்புதுன்னு, பாக்கச் சொல்லுங்க, 50 சதவீதத்துக்கு மேல போனா நல்லா உப்புற மண்ணு.

அடுத்து செப்டிக் டேங்க். தென்மேற்கு மூலைல அது கசிஞ்சுக்கிட்டு இருந்தா, என்ன ஊசி போட்டாலும் ஓட்டைப் பானைல தண்ணி ஊத்துன கதைதான். கிணத்து மோட்டார் தண்ணி, வாஷிங் மெஷின் தண்ணி, மழைத்தண்ணி எதுவும் தெக்க விழக்கூடாது. சுத்தி மூணு நாலு அடிக்கு சிமெண்ட் தளம் சரிவா போட்டு வெளிய தள்ளுங்க. கரிசலை எப்பவும் ஒரே ஈரத்துல வச்சிருந்தா அது பாட்டுக்கு கிடக்கும், நனைஞ்சு காய்ஞ்சு நனைஞ்சு காய்ஞ்சா ஆட்டம் காட்டும்.

மூணாவது, நாலு மூலைலயும் பேஸ்மட்டத்துல ஆணி அடிச்சு, ஹெட்ரூம் விரிசல் மேல ஒரு கண்ணாடித் துண்டை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல ஒட்டி தேதி எழுதி வைங்க, கண்ணாடி ஒடிஞ்சா நகருதுன்னு அர்த்தம். மாசம் ஒரு நாள், காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அளவு. ஒரு மழைக்காலம் ஒரு கோடை பாக்கணும். நடுவுல வேகமா போற மாதிரி தெரிஞ்சா காத்திருக்காம ஆள் கூப்பிடுங்க.

நிக்கவே இல்லேன்னா, தெக்குப் பக்கம் ஃபுட்டிங் ஓரத்துல சின்ன விட்டத்துல மைக்ரோ பைல் சுக்கானுக்குள்ள இறக்கி, ஃபுட்டிங்கை அதோட கட்டிப் புடிக்கிறது. சாய்வு அப்படியே இருக்கும், மேல போகாது. அப்பறம் தரைய மட்டம் பண்ணிக்கிறதும், பாத்ரூம் சரிவை மாத்துறதும் டைல்ஸ் வேலை.

நின்னு போன சாய்வோட வீடு ஐம்பது வருஷம் வாழும்ணே. நிமித்தணும்ங்கிற ஆசைல கெட்ட வீடுதான் நான் அதிகம் பாத்திருக்கேன்.

ஆனையூர்_அக்கா

எங்க வீட்டுக்கும் கடைசில இந்த பைல்தான் நின்னுச்சு. மூணு வருஷம் ஆச்சு, நகரல. கோலிக்குண்டு மட்டும் இன்னும் உருளும், பேரனுக்கு ஒரே விளையாட்டு.

கரிசக்காட்டான்

ஏழு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும், வேலை.

ஆகர் போட்டோம். வடக்க அஞ்சரை அடில சுக்கான். தெக்க பதினொன்றரை அடி. எட்டு அடில இருந்து வந்த மண்ணைக் கைல எடுத்தா விரல் இடுக்குல பிதுங்குது, நடுவுல பொடிப்பொடியா நத்தை ஓடு, பெரியவர் சொன்ன ஓடை இதுதான். தென்மேற்கு மூலைல எடுத்தது மட்டும் கருப்பு இல்ல, ஒரு மாதிரி சாம்பல் பச்சை, நாத்தம் குடல புரட்டுச்சு. செப்டிக் டேங்க்தான். உள்பூச்சே பாதிதான் பூசியிருக்காங்க போல, அடில ஒரு ஜாயிண்ட் வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கு.

காலேஜ்ல ஃப்ரீ ஸ்வெல் 70 வந்திருக்கு. ஆணி அடிச்சு ரெண்டு ரீடிங் எடுத்தாச்சு, தென்மேற்கு மூலை மட்டும் அரை நூல் இறங்குன மாதிரி தெரியுது, மத்த மூணும் அப்படியே. அரை நூல் என் கண்ணு தப்பாவும் இருக்கலாம். கண்ணாடி ஒடியல. ரெசின் கம்பெனிக்காரர் தினம் போன் பண்றாரு, தீபாவளி ஆஃபர்ல 8 லட்சமாம். அடுப்புக்கு தெக்குக் காலுக்கு அடில ரெண்டு காயின் வச்சுக்கிட்டா வீட்டுக்காரம்மா, தோசை வட்டமா வருது.

செப்டிக் டேங்கை அதே எடத்துல சரி பண்றதா, இல்ல வடகிழக்க மாத்திறதா? வாஸ்து பாக்குறவர் வடகிழக்கு கூடவே கூடாதுங்கிறாரு.

துளைக்கருவி

வாஸ்துக்காரர் வேணாம்னா வடமேற்கு வைங்க, எனக்கு வேண்டியது தெக்க இருந்து அது போகணும், அவ்வளவுதான். புதுசு வர்ற வரைக்கும் பழசை அடைச்சு உள்ள பூசி ஓட்டுங்க. அரை நூலை நம்பாதீங்க, அடுத்த மாசமும் அதே மூலைல அதே பக்கம் வந்தா நம்புங்க.

ரசமட்டம்

தம்பி, நான் திருநகர்லதான் இருக்கேன், ஞாயித்துக்கிழமை வெள்ளன வந்து பாத்துத் தரேன். அதுக்கு முன்னாடி லாரிய வரச்சொல்லி டேங்கை காலி பண்ணி, ஒரு நாள் மூடியத் திறந்து போட்டு வைங்க, உள்ள கெட்ட வாயு போகணும், நான் சொல்றவரைக்கும் யாரும் எட்டிக்கூடப் பாக்க வேண்டாம், ஆளை உள்ள இறக்குறதுங்கிற பேச்சே கிடையாது, மேல இருந்தே அந்த ஜாயிண்டைப் பாத்துட்டு அடைக்கிறதா மூடுறதான்னு முடிவு பண்ணுவோம். திறந்த மூடிய சுத்தி கயிறு கட்டிருங்க, பிள்ளைக இருக்கிற வீடு.